டர்ஹாம் - சுமக்கத் தெரிந்த ஊர்

இங்கிலாந்துக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் லண்டனைப் பார்ப்பார்கள். இன்னும் நாலு நாள் கையில் இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ். வடக்கே போக ஆசைப்பட்டால் நேரே எடின்பரோவுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அந்த ரயில் லண்டனை விட்டுக் கிளம்பி ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும்போது உயரமான ஒரு கல் பாலத்தின்மேல் போகும். கீழே வீட்டுக் கூரைகள். எதிரே மரங்கள் அடர்ந்த ஒரு குன்று. குன்றின் தலையில் ஒரு கோட்டையும், அதைவிடப் பெரிய ஒரு பேராலயமும். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் செல்பேசியிலிருந்து தலையைத் தூக்கி 'அட!' என்பார்கள். அவ்வளவுதான், ரயில் போய்விடும்.

அந்த ஊர் டர்ஹாம். எழுதுவதுதான் அப்படி. உள்ளூர்க்காரர்கள் நடுவில் இருக்கும் 'ஹா'வை விழுங்கிவிட்டு 'டரம்' என்பார்கள். மக்கள்தொகை சுமார் ஐம்பதாயிரம். நம் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி. நியூகாஸிலிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் நான் அங்கே இருந்தேன். இந்தப் பதிவு அந்த இரண்டு நாட்களைப் பற்றியது.

சுற்றுலாக் கையேடுகளில் இயற்கை, வரலாறு, கலாசாரம் என்று மூன்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நாலு இடங்களை எழுதுவார்கள். இந்த ஊரில் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆறு இல்லாவிட்டால் குன்று இல்லை. குன்று இல்லாவிட்டால் ஆலயம் அங்கே வந்திருக்காது. ஆலயம் எந்தக் கல்லால் ஆனதோ அந்தக் கல்லின் அடுக்குகளுக்கு நடுவில்தான் நிலக்கரி. நிலக்கரியால் வந்தவர்கள்தான் இன்றைக்கு இந்த ஊர்த் திருவிழாவை நடத்துகிறவர்கள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் கூடவே வருகிறது. சரி, ஆற்றிலிருந்து ஆரம்பிப்போம்.

ஆறு

ஆற்றின் பெயர் வியர். பெனைன் மலைகளில் பிறந்து சண்டர்லாந்தில் கடலில் கலக்கிறது. டர்ஹாமுக்கு வந்ததும் குதிரை லாடம் போல ஒரு வளைவு வளைந்து, கிட்டத்தட்ட கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, பிறகு மனம் மாறியது போல வடக்கே போகிறது. அந்த லாடத்துக்குள் அகப்பட்ட பாறைமேட்டில்தான் பழைய ஊர். மூன்று பக்கமும் தண்ணீர், செங்குத்தான கரை. ஊருக்குள் நிலவழியாக நுழைய ஒரே ஒரு பக்கம்தான்.

ஆறு ஏன் இப்படிப் போகிறது என்பதற்குப் பனி யுகத்தில் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் வியர் வேறு தடத்தில் ஓடியது. பனிப்பாளங்கள் கொண்டுவந்து கொட்டிய களிமண்ணும் மணலும் பழைய பள்ளத்தை அடைத்துவிட்டன. பனி உருகிய பிறகு ஆறு புதிய வழி தேடி, மணற்பாறையை அறுத்துக்கொண்டு இறங்கியது. நாம் இப்போது பார்க்கும் ஆழமான பள்ளத்தாக்கு அப்படி வந்தது. ஊரின் பழைய பெயர் டன்ஹோம். டன் என்றால் குன்று, ஹோம் என்றால் தீவு. பெயர் வைத்தவர்கள் இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆற்றோரமாக ஊரை வலம் வருவதற்குப் பாதை உண்டு. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். என்னைக் கேட்டால் ஆலயத்துக்குள் போவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். வெயில் காலத்திலும் பாதை நிழலாக, கொஞ்சம் ஈரமாகவே இருக்கிறது. இரு கரையும் காடு. ஆனால் ஆதிகாலத்துக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டை கோட்டையாக இருந்த காலத்தில் இந்தச் சரிவுகளை மொட்டையாக வைத்திருந்தார்கள். மரம் இருந்தால் எதிரி ஒளிந்துகொண்டு ஏறி வருவான் அல்லவா? சண்டை பயம் போன பிறகு, 18-ஆம் நூற்றாண்டில், அழகுக்காக மரம் நட்டுப் பாதை போட்டார்கள். 1771-இல் வந்த பெரும் வெள்ளம் பழைய பாலத்தைக் கொண்டுபோய்விட, அதற்குப் பதிலாக 1778-இல் கட்டி முடித்ததுதான் பிரெபெண்ட்ஸ் பாலம். அந்தப் பாலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே ஆலயக் கோபுரங்கள். கீழே பழைய ஆலைக்கட்டிடம், அதன் தடுப்பணையில் தண்ணீர் விழும் சத்தம், படகு ஓட்டிப் பழகும் மாணவர்கள். (படகுப் போட்டி இங்கே 1834-இலிருந்து நடக்கிறதாம்.) தபால்காரர் கொண்டுவரும் படங்களில் பார்த்த இங்கிலாந்து இதுதான் :-)

ஒரு சவப்பெட்டியின் பயணம்

இந்த ஊருக்கும் ஒரு தலபுராணம் உண்டு. வடகிழக்குக் கடலோரத்தில் லிண்டிஸ்ஃபார்ன் என்று ஒரு தீவு. அங்கே இருந்த கத்பர்ட் என்ற துறவி 687-இல் இறந்தார். பதினோரு வருடம் கழித்து, 698-இல், கல்லறையைத் திறந்து பார்த்தபோது உடல் கெடாமல் இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். புனிதர் என்று ஊர் ஊராகப் பேர் பரவியது. 793-இல் வைகிங்குகள் அந்தத் தீவைத் தாக்கினார்கள். அதன் பிறகும் தொல்லை ஓயவில்லை. 875-இல் துறவிகள் கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டே கிளம்பிவிட்டார்கள். ஏழெட்டு வருடம் வடக்கு இங்கிலாந்து முழுக்க அலைச்சல். பிறகு செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற இடத்தில் நூறு வருடத்துக்கும் மேல். கடைசியில் 995-இல் டர்ஹாம்.

டர்ஹாமுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் புராணப் பகுதி. சவப்பெட்டி ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட்டதாம். டன்ஹோமுக்குக் கொண்டுபோ என்று ஒரு துறவிக்குக் கனவில் உத்தரவாம். டன்ஹோம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் காணாமல் போன தன் பழுப்பு மாட்டைத் தேடி ஒரு பால்காரப் பெண் வருகிறாள். 'டன்ஹோம் பக்கம் பார்த்தேன்' என்று இன்னொருத்தி சொல்ல, துறவிகள் அவள் பின்னாலேயே போய் இந்தக் குன்றைக் கண்டுபிடித்தார்களாம். ஆலயத்தின் வெளிச்சுவரில் அந்த மாட்டுக்குச் சிலை இருக்கிறது. பக்கத்துச் சந்துக்குப் பெயரே பழுப்பு மாட்டுச் சந்து. மாடு வந்த கதையை நம்புகிறோமோ இல்லையோ, மூன்று பக்கம் ஆறு ஓடும் பாறையைப் பார்த்த, வைகிங் பயத்தில் இருந்த துறவிகள் அதை விட்டுவிட்டா போவார்கள்?

ஆலயம்

இப்போது நிற்கும் பேராலயத்துக்கு 1093-இல் அடிக்கல் போட்டு 1133-இல் பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள். நாற்பதே வருடம். கட்டியவர்கள் நார்மன்கள், பிரான்சிலிருந்து வந்து 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள். வடக்கு அவர்களுக்குச் சுலபமாகப் பணியவில்லை. 1069-இல் டர்ஹாமுக்கு அனுப்பிய நார்மன் பிரபுவையும் அவனுடைய படையையும் ஊர்க்காரர்கள் கொன்றுபோட்டார்கள். பதிலுக்கு மன்னன் வில்லியம் வடக்கு முழுவதையும் எரித்துப் பட்டினி போட்டான். அதன் பிறகுதான் 1072-இல் கோட்டை, இருபது வருடம் கழித்து இந்த ஆலயம். உள்ளே நுழைந்தவுடன் 'எவ்வளவு பெரியது' என்று தோன்றுவது தற்செயல் இல்லை. அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள்.

நடுக்கூடத்தில் தூண்கள் இரண்டு வரிசை. பெரிய உருண்டைத் தூண்களின் உயரமும் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றே, 6.6 மீட்டர். ஒன்றில் வளைந்து வளைந்து போகும் கோடு, ஒன்றில் சாய்சதுரக் கட்டங்கள், ஒன்றில் திருகு. மேலே கூரையைத் தாங்குவது கல்லால் ஆன விலா எலும்புகள் போன்ற வளைவுகள். இவ்வளவு பெரிய அளவில் இந்த முறையைச் செய்து பார்த்த ஆரம்பகாலக் கட்டிடங்களில் முக்கியமானது இது. பிற்காலத்தில் ஐரோப்பாவெங்கும் எழுந்த கோதிக் ஆலயங்களின் நுட்பத்துக்கு இங்கே ஒரு தொடக்கம் இருக்கிறது. கட்டிடக்கலை படிக்கிறவர்கள் இதற்காகவே வருகிறார்கள். 1986-இல் ஆலயமும் கோட்டையும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. (ஹாரி பாட்டர் முதல் இரண்டு படங்களில் வரும் முற்றத்துத் தாழ்வாரங்களும் இங்கே எடுத்தவைதான். சின்னப் பிள்ளைகள் கத்பர்ட்டை விட்டுவிட்டு நேராக அங்கேதான் ஓடுகிறார்கள்.)

இரண்டு விஷயங்கள் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தன. ஒன்று, ஆலயத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் மெல்லிய கறுப்புத் தூண்கள். வியர் ஆற்றின் மேல்பகுதியில் ஃப்ராஸ்டர்லி என்ற ஊரில் வெட்டிய சுண்ணாம்புக் கல். பளிங்கு போல மெருகேற்றியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகக் கொம்பு வடிவங்கள். அவை பவளங்கள்! முப்பது கோடி வருடங்களுக்கும் முன்னால், இந்தப் பிரதேசம் வெப்பமண்டலக் கடலாக இருந்த காலத்தில் வாழ்ந்த பவளங்கள். குளிரில் நடுங்கும் ஊரின் ஆலயத்துக்குள் ஒரு வெதுவெதுப்பான கடலின் மிச்சம்.

இன்னொன்று, நடுக்கூடத்தின் மேற்குக் கோடியில் தரையில் பதித்த ஒரு கறுப்புக் கோடு. அந்தக் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. கத்பர்ட்டுக்குப் பெண்கள் வருவது பிடிக்காது என்று காரணம் சொன்னார்கள். உண்மையில் அவர் உயிரோடு இருந்தபோது அபேஸ்களுடன், அதாவது பெண்கள் மடத்துத் தலைவிகளுடன், நல்ல நட்போடு இருந்தவர். அவர் செத்து நானூறு வருடம் கழித்து அவர் பெயரில் விதி போட்டவர்கள் வேறு யாரோ. நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பாட்டி கையில் பேத்தியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டை மிதித்துக் கடந்து போனார். கோடு இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. 2009-இலிருந்து ஆலயப் பாடகர் குழுவில் சிறுமிகளும் பாடுகிறார்கள்.

முதல் கல்லறை

இவ்வளவு பெரிய கட்டிடம் யாருக்காகவோ, அவருடைய கல்லறை ரொம்ப எளிமை. பலிபீடத்துக்குப் பின்னால் படியேறிப் போனால் தரையில் ஒரு கல். அதில் லத்தீனில் பெயர் மட்டும். முன்னால் தங்கமும் ரத்தினமும் பதித்த சன்னிதி இருந்ததாம். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் மடங்களைக் கலைத்தபோது அதையும் பிரித்துக் கொண்டுபோனார்கள். 1827-இல் கல்லறையைத் திறந்தபோது கத்பர்ட்டின் சின்னஞ்சிறிய தங்கச் சிலுவை கிடைத்தது. இப்போது ஆலய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆலயத்தின் மறுகோடியில் இங்கிலாந்தின் முதல் பெரிய வரலாற்று ஆசிரியர் பீடின் கல்லறை. 735-இல் இறந்த அவர் எலும்புகளைச் சுமார் முந்நூறு வருடம் கழித்து ஜாரோ மடத்திலிருந்து டர்ஹாம் ஆள் ஒருவர் திருடிக்கொண்டு வந்துவிட்டார் என்று சொல்கிறார்கள். புனிதரைத் திருடுவதும் பக்தியில் சேர்த்தி போலிருக்கிறது!

வெளியே வரும்போது வடக்கு வாசல் கதவில் ஒரு சிங்கமுகக் கைப்பிடி இருக்கும். (இருப்பது நகல். அசல் அருங்காட்சியகத்தில்.) கொலையே செய்தவனாக இருந்தாலும் ஓடிவந்து அதைப் பிடித்துத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கிடைக்கும். கறுப்பு அங்கி கொடுத்து, சோறு போட்டு, அதற்குள் வழக்கைச் சமாளிக்கலாம் அல்லது நாட்டை விட்டுப் போய்விடலாம் என்று அனுப்புவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கதைக்கு வேண்டும்.

இரண்டாவது கல்லறை

1650 செப்டம்பர் 3. ஸ்காட்லாந்தில் டன்பார் என்ற இடத்தில் குரோம்வெல்லின் படை ஸ்காட்லாந்துப் படையைத் தோற்கடித்தது. ஆயிரக்கணக்கான கைதிகளைத் தெற்கே நடத்திக்கொண்டு வந்தார்கள். சோறு இல்லை. வழியில் செத்தவர்கள், தப்பியவர்கள் போக ஏறக்குறைய 3,000 பேர் டர்ஹாம் வந்து சேர்ந்தார்கள். அப்போது உள்நாட்டுப் போரில் வென்றவர்கள் ஆலய நிர்வாகத்தையே கலைத்துவிட்டிருந்தார்கள். வழிபாடு நின்றுபோன அந்தக் காலிக் கட்டிடம் சிறையானது. குளிருக்கு உள்ளே இருந்த மரச்சாமான்களையெல்லாம் கைதிகள் எரித்தார்களாம். ஒரு பழைய கடிகாரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள், அதில் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடிப் பூ செதுக்கியிருந்ததால் என்று ஒரு கதை சொல்கிறார்கள். வயிற்றுப்போக்கு பரவியது. சில மாதங்களில் ஏறக்குறைய 1,700 பேர் இறந்தார்கள். கொலைகாரனுக்கு 37 நாள் சோறு போட்ட அதே வாசலுக்குள்.

உடல்கள் எங்கே என்று முந்நூற்று அறுபது வருடம் யாருக்கும் தெரியவில்லை. 2013 நவம்பரில், ஆலயத்துக்கும் கோட்டைக்கும் நடுவே உள்ள நூலகக் கட்டிடத்தில் சிற்றுண்டிக் கடை கட்டத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு மூடியவை. பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையினர் இரண்டு வருடம் ஆராய்ந்தார்கள். சில பற்களில் புகைக்குழாயைக் கடித்துக் கடித்து விழுந்த தேய்மானம் இருந்தது. புகையிலை பரவலான பிறகு வாழ்ந்தவர்கள் என்று அதிலிருந்து காலம் தெரிந்தது. அவர்கள் டன்பார் கைதிகள்தான் என்று 2015-இல் அறிவித்தார்கள். கிடைத்தது பதினேழிலிருந்து இருபத்தெட்டு பேருடைய எலும்புகள். பெரும்பாலும் 13 முதல் 25 வயதுக்காரர்கள். மற்றவர்கள் இன்னும் கட்டிடங்களுக்கு அடியில். 2018 மே மாதம் ஊருக்குத் தெற்கே உள்ள ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவர்களை அடக்கம் செய்து கல் வைத்தார்கள்.

நூலகத்தின் முற்றத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பக்கத்தில் மேஜைகளில் மாணவர்கள் மடிக்கணினியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அடியில் இருப்பவர்களும் அவர்கள் வயதுக்காரர்கள்தான் என்பது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது கல்லறை

நார்மன் காலத்திலிருந்து டர்ஹாமின் பிஷப் வெறும் பிஷப் இல்லை, குட்டி ராஜா. சொந்த நீதிமன்றம், ஒரு காலத்தில் சொந்த நாணயம், படை. ஸ்காட்லாந்து எல்லையைக் காக்க மன்னர்கள் கொடுத்த சலுகை அது. கடைசி மிச்சம் 1836-இல்தான் போனது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1832-இல், பிஷப்பும் ஆலய நிர்வாகமும் தங்கள் சொத்திலிருந்து கொடுத்து ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். பிஷப்பின் கோட்டையும் அதற்கே போனது. இன்றைக்கும் அந்தக் கோட்டையில் மாணவர்கள் குடியிருக்கிறார்கள். (ஹாஸ்டல் என்றால் இப்படி இருக்க வேண்டும்!)

அந்தச் சொத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது? நிலத்துக்கு அடியிலிருந்து. ஆலயத்தைக் கட்டிய மணற்பாறையும் நிலக்கரியும் ஒரே காலத்து அடுக்குகள். டர்ஹாம் மாவட்டம் முழுக்கச் சுரங்கங்கள். ஆலய நிர்வாகத்துக்கு நிலக்கரி உரிமைத்தொகை வந்துகொண்டிருந்தது. ஃபெரிஹில் என்ற ஊரில் ஒரு சுரங்கத்தின் பெயரே 'டீன் அண்ட் சாப்டர்', அதாவது ஆலய நிர்வாகக் குழு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வயல்களில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வேலை செய்தார்கள். 1909-இல் வெஸ்ட் ஸ்டான்லியில் ஒரே வெடிவிபத்தில் 168 பேர், சிறுவர்கள் உட்பட. 1951-இல் ஈசிங்டனில் 83 பேர், அதில் இருவர் காப்பாற்ற இறங்கியவர்கள். அதே 1951-இல் மாவட்ட நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. சுரங்கம் மூடப்போகும் கிராமங்களுக்கு இனிமேல் செலவு செய்ய வேண்டாம், தானாகத் தேயட்டும் என்று. அதற்கு 'டி' வகை என்று பெயர். அந்தப் பட்டியலில் சேர்ந்த கிராமங்கள் நூற்றுக்கும் மேல். 1993-இல் கடைசிச் சுரங்கங்களும் மூடிவிட்டன.

ஆலயத்துக்குள் 1947-இல் வைத்த சுரங்கத் தொழிலாளர் நினைவிடம் இருக்கிறது. செதுக்கிய மரம், ஒரு சுரங்க விளக்கு, இறந்தவர்களின் பெயர்ப் புத்தகம். மூன்றாவது கல்லறை என்று நான் சொல்வது அதைத்தான். உள்ளே உடல் இல்லை.

சனிக்கிழமை காலையில் விழித்ததே பேண்டு வாத்தியச் சத்தத்தில். ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை 'மைனர்ஸ் கேலா'. மைனர் என்றதும் ஜிப்பாவும் மைனர் செயினும் நினைவுக்கு வர வேண்டாம், இவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். 1869-இல் சங்கம் தொடங்கி, 1871-இல் முதல் விழா நடத்தினார்கள். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு பட்டுப் பதாகை, ஒரு வீட்டுக் கதவைவிடப் பெரியது. இரண்டு பேர் கம்பைத் தாங்க, முன்னும் பின்னும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். முன்னால் பித்தளை வாத்தியக் குழு, பின்னால் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். குறுகலான தெருக்களில் ஊர்ந்து, பாலம் தாண்டி, ஆற்றோர மைதானத்தில் போய்க் கூடுகிறார்கள். அங்கே தொழிற்சங்கக் கூட்டம், ராட்டினம், பீர், எல்லாம் உண்டு. பதாகைகளில் பழைய தலைவர்களின் படங்கள். சாப்வெல் ஊர்ப் பதாகையில் மார்க்ஸும் லெனினும்!

ஈசிங்டன் பதாகையின் கயிற்றைப் பிடித்திருந்த ஒரு பெரியவர் ஊர்வலம் நின்ற இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவர் அப்பாவும் அவரும் அதே சுரங்கத்தில் இருந்தவர்களாம். "சுரங்கம் மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இன்னும் பதாகையைத் தூக்குகிறீர்களே?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "நாங்கள் தூக்காவிட்டால் வேறு யார் தம்பி தூக்குவார்கள்?" என்ற அர்த்தத்தில் அவருடைய வட்டார ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மறு கயிற்றைப் பிடித்திருந்த பெண் குழந்தைக்குப் பத்து வயது இருக்கும்.

மதியத்துக்கு மேல் சில பதாகைகள் மட்டும் குன்றேறி ஆலயத்துக்கு வருகின்றன. புதிய பதாகைகளுக்கு அங்கே ஆசீர்வாதம். சுரங்கங்கள் இருந்த காலத்தில், அந்த வருடம் யாராவது செத்திருந்தால் அவர்கள் பதாகைக்குக் கறுப்புத் துணி போர்த்திக் கொண்டுவருவார்கள். வாத்தியக் குழு 'கிரெஸ்ஃபோர்டு' என்ற இசையை வாசிக்கிறது. 1934-இல் வேல்ஸில் கிரெஸ்ஃபோர்டு சுரங்க விபத்தில் 266 பேர் இறந்ததை நினைத்து, ராபர்ட் செயின்ட் என்ற டர்ஹாம் பகுதிச் சுரங்கத் தொழிலாளி அமைத்தது. 1938 விழாவில்தான் முதலில் வாசித்தார்கள். அதற்கு வரிகள் கிடையாது. தூண்களுக்கு நடுவே அந்த மெதுவான இசையோடு பட்டுப் பதாகைகள் அசைந்து வந்தபோது என் பக்கத்தில் நின்றவர்களில் கண்ணைத் துடைக்காதவர்கள் குறைவு.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். கத்பர்ட்டை வருடக்கணக்கில் தூக்கித் திரிய ஆட்கள் இருந்தார்கள், அதனால் அவருக்கு ஆலயம் கிடைத்தது. டன்பார் பையன்களுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஒரு சிற்றுண்டிக் கடைக்கு அஸ்திவாரம் தோண்டும் வரை கிடந்தார்கள். சுரங்கத்துக்காரர்களுக்கு மன்னரும் இல்லை, மடமும் இல்லை, அவர்கள் கிராமங்களையே தேயவிடத் திட்டம் போட்டார்கள். அவர்கள் தங்களைத் தாங்களே தூக்கிக்கொண்டார்கள். கல்லில் எழுதிவிட்டால் மட்டும் ஒருவருடைய நினைவு நின்றுவிடாது. வருடா வருடம் கை வலிக்க யாராவது சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து வயதுக் குழந்தைக்குச் சுரங்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரியும்.

போகிறவர்களுக்கு

ஆற்றோரம், ஆலயம், கோட்டை, அருங்காட்சியகம் பார்க்க ஒரு முழு நாள் போதும். இரண்டு நாள் இருந்தால் அவசரம் இல்லாமல் பார்க்கலாம். ஊர் முழுக்க ஏற்ற இறக்கம், கருங்கல் பதித்த தெரு, அதனால் நல்ல செருப்பு முக்கியம். ஆலயக் கோபுரத்துக்கு 325 படிகள், மூச்சு இருப்பவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். கோட்டைக்குள் மாணவர்கள் குடியிருப்பதால் வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்வது நல்லது. தேதியை நீங்களே முடிவு செய்ய முடியும் என்றால் ஜூலை இரண்டாம் சனிக்கிழமையை ஒட்டிப் போங்கள். அன்றைக்குத் தங்க அறை கிடைப்பது கஷ்டம், தெருவில் நகர இடம் இருக்காது. காலையில் சீக்கிரமே போய் எல்வெட் பாலத்தின் பக்கம் ஓர் இடம் பிடித்து நின்றுகொண்டால் எல்லாப் பதாகைகளையும் கிட்டத்தில் பார்த்துவிடலாம்.